டொக்கு எடுத்தவன் பொம்மைக்குப் பெயின்ட் அடிச்ச கதை

கையில ஒரு சொட்டு பெயின்ட் படாம நாள் பூரா பெயின்ட் அடிக்கிற தொழிலு ஒண்ணு இருக்குது; இன்னா கஷ்டம்னா, அத தொழிலுன்னு வூட்டுல ஒருத்தரும் நம்ப மாட்டாங்க.

கம்ப்யூட்டர்ல பொம்மை செதுக்கி, அதுக்கு அங்கியே கலர் அடிக்கிற வேலைய சொல்றேன். வயசான காலத்துல பென்னு புடிச்சு, பிரஷ்ஷு எங்க ஒளிஞ்சிருக்குதுன்னு தேடி, இருந்த படத்தையும் அழிச்சுட்டு முழிச்சிக்கினு உக்காந்திருக்கிற என் ஜாதி ஜனங்களே, உங்களுக்குத்தான் இது. படிச்சவங்க படிச்சுட்டு சிரிக்கட்டும். நீங்க சிரிக்க மாட்டீங்க, உங்களுக்கும் இதேதான் நடந்திருக்கும்.

எம் பேரு ஏழுமலை. கலசப்பாக்கத்துல லாரி, டிராக்டரு, டிரெய்லருன்னு பெயின்ட் அடிச்சினு இருந்தவன். இடிபட்டு வர்ற வண்டில நசுங்கின பள்ளத்துக்கு எங்க பாஷைல டொக்கு. டொக்கு எடுத்து, பட்டி பூசி, தேய்ச்சு, ஸ்ப்ரே அடிச்சு வுட்டேன்னா வண்டில மூஞ்சி பாத்து மீசை வெட்டிக்கலாம். அந்த ஸ்ப்ரே பொகை கொஞ்சம் கொஞ்சமா நெஞ்சுல எறங்கி, மாடிப்படி ஏறினா நாயி மாதிரி எரைப்பு, ராத்திரி பூரா இருமலுன்னு ஆரம்பிச்சுது. டாக்டரம்மா நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டு, ஸ்ப்ரே கன்னு வேணுமா மூச்சு வேணுமா, ரெண்டுல ஒண்ணு சொல்லுன்னாங்க. நான் யோசிச்சிக்கினு இருந்தேன். பக்கத்துல இருந்த என் பொஞ்சாதி மல்லிகா எனக்குப் பதிலா சொல்லிட்டா.

சந்தவாசல்ல முரளி சாருன்னு ஒருத்தரு கடை வெச்சிருக்காரு. கல்யாண ஜோடி, ரிட்டையரான வாத்தியாரு, ஆசையா வளத்த நாயி, யாரா இருந்தாலும் போட்டோ குடுத்தா போதும். கம்ப்யூட்டர்ல செதுக்கி, கலரு அடிச்சு, பெங்களூருக்கு அனுப்புவாங்க. அங்க ஒரு மிஷினு கலரோடவே கையளவு பொம்மையா செஞ்சு பார்சல்ல அனுப்பிடும். மல்லிகா அவராண்ட போய்ப் பேசி என்னை சேத்து வுட்டா. அவரும் சரின்னு சொல்லி ஒரு கண்டிஷன் போட்டாரு. தை மாசம் எருது வுடற திருவிழா வர்றதுக்குள்ள, யாரு கையும் படாம ஒரு பொம்மைய நானே முடிக்கணும். முடிச்சா வேலை. முடிக்கலன்னா? இன்னா இருக்குது, திரும்பவும் கலசப்பாக்கம், ஸ்ப்ரே கன்னு, எரைப்புதான்.

எனக்கு சொல்லிக் குடுக்க சங்கீதான்னு ஒரு பொண்ண போட்டாரு. நெல்லிவாசல்நாட்டுல இருந்து எறங்கி வந்து சித்தி வூட்டுல தங்கி வேலை பாக்குது. என் வயசுல பாதி கூட இருக்காது. நான் டீச்சருன்னு கூப்டுவேன், அது மொறைக்கும்.

காயட்டும்னு வுட்டேன்

மொத நாளு ஸ்கிரீன்ல ஒரு உருண்டைய வெச்சு, அடிங்கன்னு மை இல்லாத கம்ப்யூட்டரு பேனாவ கைல குடுத்துச்சு. பிரஷ்ஷுக்கு ரெண்டு விஷயம்தான் முக்கியமாம். சைஸுன்னா எவ்ளோ எடத்துல படும், ஸ்ட்ரெங்த்துன்னா எவ்ளோ அழுத்தமா படும். அட, இது நம்ம ஸ்ப்ரே கன்னோட நாசிலும் காத்துப் பிரஷருந்தானன்னு எனக்கு ஒரே குஷி. உருண்டை பூரா செவப்பு அடிச்சு முடிச்சேன். சோக்கா வந்துச்சு. இதுக்கு மேல மஞ்சள்ல கோடு போடுங்கன்னு சொல்லிட்டு அது தன் வேலைய பாக்கப் போயிடுச்சு.

நான் பேனாவ கீழ வெச்சுட்டு எழுந்து போய் எதிர்க்கடைல டீ சாப்ட்டேன். ஒரு வடை. அங்க நாலு பேராண்ட நாட்டு நடப்பு. திரும்பி வந்தா எங்கண்ணா போனீங்கன்னு கேக்குது. மொத கோட்டு ஈரமா இருக்கும்போதே ரெண்டாவது கோட்டு அடிச்சா சுருங்கிக்கும்மா, காயட்டும்னு வுட்டேன்னு சொன்னேன். தொழில் ரகசியம் சொல்லிக் குடுத்த பெருமை எனக்கு. அது சிரிக்கல. ஸ்கிரீன விரலால ஒரு தடவு தடவி, விரல என் கண்ணாண்ட நீட்டிக் காட்டிச்சு.

"காஞ்சிடுச்சுண்ணா, உக்காருங்க."

நெயில் பாலிஷு

பிரஷ்ஷு பட்ட எடத்த மேல ஏத்தும். அதே பிரஷ்ஷு ஒரு பட்டன அமுக்கிக்கினு இழுத்தா உள்ள தோண்டும். இன்னொரு பட்டன் அமுக்கினா வழவழன்னு தேய்க்கும். வேற ஒண்ணு மூடி வைக்கும். எல்லாம் இங்கிலீஷு எழுத்து. எனக்கு இங்கிலீஷு லாரி பின்னாடி எழுதற அளவுக்குத்தான் வரும், அதையும் பாத்துத்தான் எழுதுவேன். ஒரு ரிட்டையரான போஸ்ட்மேனுக்கு மூக்கு ஏத்தறேன்னு பட்டன மாத்தி அமுக்கி, மூக்கு இருக்க வேண்டிய எடத்துல கெணறு வெட்டிட்டேன்.

சரி, நமக்குத் தெரிஞ்ச பாஷைல வெச்சிக்கலாம்னு மல்லிகாவோட நெயில் பாலிஷ எடுத்தாந்து பட்டனுங்க மேல ஒவ்வொரு சொட்டு வெச்சேன். தோண்டறதுக்கு செவப்பு, தேய்க்கறதுக்கு ரோஸு, மூடறதுக்கு ஊதா. அப்பால தப்பே வரல. மல்லிகா மட்டும் ஊதா பாட்டில தேடி வூட்ட தலைகீழா பொரட்டினு இருந்தா. முரளி சாரு கடைக்குள்ள வந்து கீபோர்ட ரொம்ப நேரம் பாத்தாரு.

"பொட்டு வெச்சாச்சு ஏழுமலை, மால எப்போ போடப் போற?"

வீங்கின மாமியாரு

படவேட்டுல இருந்து ஒரு அம்மா வந்து, அவங்க மாமியாருக்கு அறுவதாம் கல்யாணம் வருதுன்னு போட்டோ குடுத்துட்டுப் போனாங்க. முகம் சங்கீதா செதுக்கிடுச்சு. கலரு மட்டும் நீங்க அடிங்கண்ணான்னுச்சு. சேல, ஜாக்கெட்டு, முடி எல்லாம் அடிச்சேன். பொட்டு வைக்கப் போனா, நெத்தில ஒரு செவப்பு நெல்லிக்கா மொளைக்குது. சரி, அழுத்தம் பத்தலன்னு இன்னும் ரெண்டு தடவை அழுத்தினேன். நெல்லிக்கா எலுமிச்சம்பழம் ஆச்சு. ஒதட்டுக்கு கலரு அடிச்சா ஒதடு தேனீ கொட்டினாப்புல வீங்குது. புருவம் கம்பளிப்பூச்சி.

வெஷயம் இன்னான்னா, கலரு அடிக்கறதுக்கு ஒரு பட்டன், மேல ஏத்தறதுக்கு ஒரு பட்டன். கலரு மட்டும் போதும்னா ஏத்தற பட்டன அணைச்சுட்டுத்தான் பிரஷ்ஷ தொடணும். நான் ரெண்டையும் எரிய வுட்டுட்டேன். நம்ம தொழில்ல பெயின்ட் அடிச்சா வண்டி வீங்காது, அதனால அந்த சந்தேகமே எனக்கு வரல. சங்கீதா இத சொல்லினு இருக்கும்போதே அந்த மருமகம்மா கடைக்குள்ள வந்துட்டாங்க. ஸ்கிரீன மறைக்கலாம்னு நான் எழுந்து நின்னேன், என் வயிறு மறைக்கிற அளவுக்கு அது சின்ன ஸ்கிரீன் இல்ல. அவங்க எட்டிப் பாத்து, தலைய சாச்சுப் பாத்து, சாவகாசமா சொன்னாங்க.

"மாத்திடுங்க தம்பி, ஆனா சும்மா சொல்லக் கூடாது, கோவம் வந்தா எங்க அத்த இப்படித்தான் இருப்பாங்க."

லோ வோல்டேஜு

மூடி வைக்கிற பட்டன் மட்டும் எனக்கு அண்ணன் தம்பி மாதிரி. வண்டிக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது கண்ணாடி மேல, பம்பரு மேல பேப்பரு ஒட்டுவோம் இல்ல, அதேதான். எங்க மூடறமோ அங்க கலரு படாது. ஒரு மத்தியானம் ஒரு மாப்பிள்ளையோட மூஞ்சிய மட்டும் மூடறேன்னு ஆளையே மொத்தமா மூடிட்டேன் போல. மூடினா பொம்மை கொஞ்சம் கறுப்பாத் தெரியும். நான் கரெண்டு லோ வோல்டேஜுன்னு நெனச்சு, அடிக்கறேன் அடிக்கறேன், ஒரு கலரும் ஏறல. பேனாவ தட்டிப் பாத்தேன். சட்டைல தொடச்சுப் பாத்தேன். வாயால ஊதியும் பாத்தேன். சாப்ட்டுட்டு வந்த சங்கீதா கொஞ்ச நேரம் பின்னாடி நின்னு வேடிக்கை பாத்துட்டு கேட்டுச்சு.

"பேப்பர பிரிக்காமயே வண்டிய டெலிவரி குடுத்துடுவீங்களாண்ணா?"

கன்னத்துல டொக்கு

இது நம்ம ஆளுங்க தவிர வேற யாருக்கும் வராத வியாதி. மாடு கட்டின வண்டியோ மாப்பிள்ளை ஊர்வல காரோ, பள்ளத்தப் பாத்தா கை தன்னால போய் மூடிடும். எங்க மேஸ்திரி அப்படித்தான் எங்கள பழக்கினாரு, தடவிப் பாத்தா தடுக்கக் கூடாது.

கல்யாண ஜோடி ஒண்ணு வந்துச்சு. செதுக்கறதுல பாதிய என்னைப் பண்ணச் சொன்னாங்க. பொண்ணு மூஞ்சில ரெண்டு கன்னத்துலயும் ஒரு பள்ளம். நான் அத சங்கீதா பேனா வழுக்கினதுன்னு நெனச்சு, பாவம் சின்னப் பொண்ணு, திட்டு வாங்கப் போவுதுன்னு, பள்ளத்த ரொப்பற களிமண்ணு பிரஷ்ஷ எடுத்து பட்டி பூசறாப்புல பூசி, ரோஸு பட்டன அமுக்கி தேய்ச்சு, கண்ணாடி மாதிரி வுட்டேன். அந்த ஜோருல மாப்பிள்ளையோட தாடைக் குழியையும் மூடிட்டேன். கழுத்து மடிப்பு ஒண்ணு வுடல. ரெண்டு பேரும் புது டிராக்டரு மாதிரி மின்னினாங்க.

சனிக்கெழமை ஜோடி பாக்க வந்துச்சு. பொண்ணு கைய எடுத்து தன் கன்னத்த ஒரு தடவை தொட்டுப் பாத்துக்கிச்சு. மாப்பிள்ளை பையன் என்னை ஓரமா இட்டுனு போய், பெரியவங்களாண்ட பேசற மரியாதையோட, மெதுவா சொன்னான்.

"அண்ணா, நான் அந்தக் குழியப் பாத்துத்தான் பொண்ணுக்கு சரின்னே சொன்னேன், நீங்க அதயே தூத்துட்டீங்களே."

சேகரு வந்தான்

இப்படி ஒண்ணொண்ணா கெடுத்து, ஒண்ணொண்ணா சங்கீதா கை வெச்சு சரி பண்ணி, பனி கொட்ட ஆரம்பிச்சுடுச்சு. ஊர்ல எருது வுடற பேச்சு கெளம்பிடுச்சு. என் பேருல ஒரு பொம்மை கூட இல்ல. முரளி சாரு ஒண்ணும் கேக்க மாட்டாரு, காலண்டரு பக்கம் மட்டும் அப்பப்போ பாப்பாரு. அதுவே போதும் எனக்கு.

அந்த நேரம் பாத்து கலசப்பாக்கத்துல என்கூட ஒண்ணா தொழில் பழகின சேகரு வூட்டுக்கு வந்தான். டிரெய்லரு வேலை குவிஞ்சு கெடக்குது, நீ வந்து ஸ்ப்ரே கன்ன மட்டும் புடி, மீதிய நான் பாத்துக்கறேன்னான். பொம்மைக்கு உதட்டுச் சாயம் பூசற வேலையெல்லாம் ஒரு வேலையாடான்னு வேற கிண்டலு. எனக்கு ரோஷம் வந்துச்சு. ஆசையும் வந்துச்சு. அந்தப் பெயின்ட் வாசனை இருக்குதே, அத மோந்தவனுக்குத்தான் தெரியும். யோசிச்சு சொல்றேன்டான்னு அனுப்பினேன்.

மல்லிகா அடுப்பாண்ட இருந்து எல்லாத்தையும் கேட்டுனு இருந்தா. அவன் போனப்பால வந்து என் சட்டைய மோந்து பாத்தா, அது அவளுக்குப் பழக்கமாப் போச்சு, கள்ளத்தனமா ஸ்ப்ரே கடைப்பக்கம் போறனோன்னு சந்தேகம். மோந்துட்டு தட்டு வெச்சா, சோறு போட்டா, போட்டுக்கினே சொன்னா.

"நீ இருமாம படுத்துனு இருந்தா செத்துட்டியோன்னு பயந்து எனக்குத் தூக்கமே வரல, அது போவப் போவ பழகிக்கும், நீ அந்த பேனாவயே புடி."

ரெண்டு சுழி

மறுநாளு கடைக்கு வேடியப்பன்னு ஒருத்தரு வந்தாரு. எருது வுடற திருவிழாவுக்கு ஊர் ஊரா மாடு ஓட்டிக்கினு போறவரு. அவரோட மாடு கருப்பன், இந்தப் பக்கம் தெரியாதவன் கம்மி. போன வருஷம் காலு பெசகிட்டதால இந்த வருஷம் ஓடல. மாடு ஓடாட்டியும் அத பொம்மையா கைல வெச்சிக்கினாவது திருவிழாவுக்குப் போவணும், சாமி செலை மாதிரி செஞ்சு குடுங்கன்னு கேட்டாரு. முரளி சாரு என்னைப் பாத்தாரு. இதான் ஒனக்குன்னு அர்த்தம்.

போன்ல இருந்து போட்டோ குடுத்தாரு. எல்லாம் வலது பக்கமே எடுத்தது, கூட்டம் அந்தப் பக்கம்தான் நின்னுருக்கும். நான் பொம்மைய நடுவால பிரிச்சு, ஒரு பக்கம் செஞ்சா இன்னொரு பக்கமும் தானா வர்ற பட்டன போட்டுக்கினேன். அது ஒரு சொகம்ங்க. ஒரு கண்ணு வெச்சா ரெண்டு கண்ணு, ஒரு கொம்பு வெச்சா ரெண்டு கொம்பு. திமிலு, தொடை, தோலு மேல தோலா கறுப்பு, அதுக்கு மேல லேசா பழுப்புன்னு மெல்லிசு பிரஷ்ஷுல அடிச்சேன். விலா மேல முடி சுத்தி சுத்தி இருக்குமே, சுழி, அத ஒவ்வொரு முடியா இழுத்தேன். ஏத்தற பட்டன அணைச்சுட்டேனான்னு மூணு தடவை பாத்துக்கினேன். சங்கீதாவே நல்லாருக்குண்ணான்னுடுச்சு. அது வாய்ல இருந்து நல்லாருக்குன்னு வர்றது நம்ம ஏரில தண்ணி வர்றாப்புல.

வேடியப்பன் வந்து உக்காந்தாரு. வலது பக்கம் காட்டினேன். கண்ணு கலங்கிடுச்சு மனுஷனுக்கு. எனக்கு வேலை கெடச்சுடுச்சுன்னு மனசுல ஒரு டீ சொல்லிட்டேன். பொம்மைய திருப்பினேன். இடது பக்கம் வந்துச்சு. அந்தப் பக்கமும் அச்சு அசலா அதே சுழி.

மனுஷன் எழுந்துட்டாரு. கோவப்படல, அதுதான் பயமா இருந்துச்சு. மாடு வாங்கறவங்க மொதல்ல சுழியத்தான் பாப்பாங்க, சுழி எந்த எடம், எத்தினின்னு பாத்துட்டுத்தான் பல்லையே பாப்பாங்க. கருப்பனுக்கு வலது விலாவுல ஒரே ஒரு சுழி, அதப் பாத்துத்தான் கன்னுக்குட்டில அவரு வாங்கினாராம். துண்ட தோள்ல போட்டுக்கினே சொன்னாரு.

"மாடு நல்லாத்தான் இருக்குது, ஆனா ரெண்டு பக்கமும் சுழி வெச்ச மாட்ட எங்க தெருவுல எவனும் கட்ட மாட்டான், இது என் மாடு இல்ல."

மாடே வந்துடுச்சு

முரளி சாரு ரொம்ப நல்லவரு, அதனால ரொம்ப மெதுவா சொன்னாரு. திருவிழா கிட்ட வந்துடுச்சு, பெங்களூருக்கு அனுப்பி வரணும், சங்கீதா சரி பண்ணட்டும்னு. அது சரி பண்ணா நான் முடிச்சதா ஆவாது. அது மூணு பேருக்கும் தெரியும். நான் நாற்காலிய வுட்டு எழுந்துட்டேன். சங்கீதா கைப்பைய எடுத்து தோள்ல மாட்டிக்கினு, சித்திக்கு ஒடம்பு சரியில்ல சார், நான் இன்னிக்கு லீவுன்னு சொல்லிட்டு வாசலப் பாத்துப் போயிடுச்சு. அந்த சித்தி எதிர்ல தள்ளுவண்டியாண்ட நின்னு கொய்யாப்பழம் பொறுக்கினு இருந்தாங்க.

நான் கெளம்பி நின்ன வேடியப்பன கையப் புடிச்சு, இடது பக்கம் ஒரு போட்டோ குடுங்க சாமின்னு கேட்டேன். அவரு போட்டோவெல்லாம் வேணாம்னுட்டு போனாரு. மத்தியானத்துல கடை வாசல்ல கருப்பனே நிக்குது. சந்தவாசல் ரோட்ல பஸ்ஸு ஆரன் அடிக்குது, மாடு நவுரல. கண்டக்டரு எறங்கி வந்து பாத்துட்டு, கருப்பனான்னு கேட்டுட்டு, சத்தம் போடாம ஓரமா சுத்திப் போவச் சொன்னாரு.

நான் வெளிய ஓடுவேன், இடது விலாவ பாப்பேன், உள்ள ஓடி வந்து அடிப்பேன். ரெண்டு பக்கமும் வர்ற பட்டன மொதல்ல அணைச்சேன். இடது பக்கத்து சுழிய தேய்ச்சு எடுத்து, முடிய நேரா இழுத்தேன். அப்பால பாத்தா மாட்டுல எதுவுமே ரெண்டு பக்கமும் ஒண்ணா இல்லைங்க. இடது கொம்பு கொஞ்சம் உள்ள வளைஞ்சிருக்குது. இடது காது நுனி கிழிஞ்சிருக்குது. பெசகின காலாண்ட ஒரு தழும்பு, அது உண்மையாவே ஒரு டொக்கு. என் கை துடிச்சுது மூடறதுக்கு. கைய கட்டுப்படுத்தி, பிரஷ்ஷ சின்னதாக்கி, அழுத்தத்த கொறச்சு, அந்தத் தழும்ப அப்படியே வெச்சேன். வேடியப்பன் என் நாற்காலி பின்னாடி குனிஞ்சு நின்னுக்கினு, இன்னும் கீழ, இன்னும் கொஞ்சம் கீழ, அந்தா அங்க, அங்கதான் அடிபட்டுச்சுன்னு சொல்லிக்கினே இருந்தாரு. பொழுது சாயறதுக்குள்ள முடிச்சேன். ஓடி ஓடிப் பாத்ததுல ஒரு தடவை கூட எரைக்கலன்னு அப்புறந்தான் நெனப்பு வந்துச்சு.

திருவிழாவுக்கு மொத நாளு பார்சல் வந்துச்சு. வேடியப்பன் பிரிச்சாரு. வாசல்ல கட்டியிருந்த கருப்பன் மூஞ்சியாண்ட கொண்டு போய் காட்டினாரு. அது ஒரு தடவை மோந்துட்டு, திங்கற பொருளு இல்லன்னு தெரிஞ்சதும் திரும்பிக்கிச்சு. முரளி சாரு உள்ள போய், அடுத்த ஆர்டரு போட்டோவ எடுத்தாந்து என் டேபிள் மேல வெச்சாரு, ஒரு சேவ கோழி. வேடியப்பன் பொம்மைய துண்டுல சுத்தி அக்குள்ல வெச்சிக்கினு, மாட்டோட இடது விலாவ ஒரு தடவு தடவினாரு.

"அது வெலாவ அது என்னிக்குப் பாத்துச்சு, எனக்கு அடையாளம் தெரியுது, அது போதும்."

ஆக மொத்தத்துல, மூச்சு முட்டுதுன்னு தொழில மாத்தினவன், இப்போ நாற்காலி பின்னாடி நின்னு எட்டிப் பாக்கற கண்டவன் மூச்சும் பிடரில படப் படப் பெயின்ட் அடிச்சினு இருக்கேன், இதுக்குப் பேருதான் முன்னேற்றமாம்.